கேட்டால் இல்லையென்று சொல்லாத தீவு



கிறிஸ்மஸ் தீவு என்றதும் நம்மில் வயதானவர்களுக்குப் பாஸ்பேட் உரம் ஞாபகத்திற்கு வரும். சிங்கப்பூரிலிருந்து கப்பலேறி அங்கே மண் வெட்டப் போனவர்கள் உண்டு. 1958 வரை சிங்கப்பூரின் நிர்வாகத்தில் இருந்து, பிறகு ஆஸ்திரேலியாவுக்குக் கைமாறிய தீவு அது. ஜாவாவுக்குத் தெற்கே இந்துமாக் கடலில் இருக்கிறது.

இன்று நான் உங்களை அழைத்துப் போவது அங்கே அல்ல. அதே பெயரில் பசிபிக் மாக்கடலின் நடுவே இன்னொரு தீவு உண்டு. கிரிபாட்டி என்னும் குடியரசைச் சேர்ந்தது. அந்நாட்டு மக்கள் 'ஸ்' என்ற ஒலிக்குத் தனி எழுத்து வைத்துக்கொள்ளவில்லை. 'டி' என்று எழுதி 'ஸ்' என்று படிப்பார்கள். ஆகவே கிரிபாட்டி என்பதை 'கிரிபாஸ்' என்று சொல்ல வேண்டும். 'கிரிட்டிமாட்டி' என்று எழுதியிருந்தால் அது வேறு ஒன்றுமில்லை, நம் கிறிஸ்மஸ்தான்!

பவளப் பாறையால் உண்டான தீவுகளுள் நிலப்பரப்பில் உலகிலேயே பெரியது இது. அப்படியிருந்தும் சிங்கப்பூரில் ஏறக்குறையப் பாதிதான், 388 சதுர கிலோமீட்டர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 7,369. தலைநகரான தராவா 3,000 கிலோமீட்டருக்கு அப்பால். ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு 2,000 கிலோமீட்டருக்கு அப்பால். சுற்றிலும் கடலைத் தவிர வேறு துணை கிடையாது.

அவ்வளவு தூரம் போய் நாம் எதைப் பார்க்கப் போகிறோம்? இரண்டு பழக்கங்களை. ஒன்று, சிரமப்பட்டுப் பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விடுவது. மற்றொன்று, அண்டை வீட்டுக்காரர் கேட்டால் இல்லையென்று சொல்லாமல் கொடுப்பது. முன்னது வெளியூர்க்காரர் கொண்டு வந்தது. பின்னது அம்மக்களின் சொந்தச் சொத்து.

தோட்டத்தில் பிறந்த ஊர்

1777-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் கேப்டன் குக் இத்தீவைக் கண்டார். மறுநாள் கிறிஸ்மஸ் என்பதால் அந்தப் பெயர். அப்போது அங்கே யாரும் குடியிருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மானுவேல் ருஷியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தீவைக் குத்தகைக்கு எடுத்து, லட்சக்கணக்கில் தென்னை வைத்தார். அவர் காலத்தில் வைத்த பெயர்கள்தாம் லண்டன், பாரிஸ், போலந்து எல்லாம். பாரிஸில் இன்று குடியில்லை. லண்டனும் போலந்தும் இன்னும் ஊர்களாக இருக்கின்றன. 'பனானா' என்றும் ஓர் ஊர் உண்டு.

தென்னை வைத்தால் போதுமா? தேங்காய் பொறுக்கி உடைத்துக் கொப்பரை காய வைக்க ஆள் வேண்டுமே! மற்றத் தீவுகளிலிருந்து கப்பலில் ஆள் கொண்டு வந்தார்கள். நம் பாட்டன்மார் கித்தா மரத்தை நம்பி வந்தார்கள். அவர்கள் தென்னையை நம்பி வந்தார்கள். அதனால்தான் இந்தத் தீவின் கதை நமக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை.

அவர்கள் பட்டது அதோடு முடியவில்லை. 1957, 58-இல் பிரிட்டிஷார் அங்கே அணுகுண்டும் ஹைட்ரஜன் குண்டும் வெடித்துப் பார்த்தார்கள். 1962-இல் அமெரிக்கர்களும் வந்து வெடித்தார்கள். 1979-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் கிரிபாட்டி சுதந்திரம் பெற்றது. பிறகு நெரிசல் மிகுந்த தராவாவிலிருந்தும் மற்றத் தீவுகளிலிருந்தும் குடும்பங்கள் வந்து குடியேறின. நிலம் பெரும்பாலும் அரசாங்கத்தினுடையது. பாட்டன் வைத்துப் போன காணி என்று சொல்லிக்கொள்ள அங்கே பலருக்கு எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்தாம் பக்கபலம்.

இறகில் கட்டிய இரை

தீவின் நடுவே பெரிய காயல் ஒன்று கிடக்கிறது. வெள்ளை மணல், முழங்கால் அளவுத் தண்ணீர், கண்ணாடி போன்ற தெளிவு. கடல் ஏறும்போது வெளியிலிருந்து மீன்கள் இந்த மணல் திட்டுகளுக்கு மேய வரும். அவற்றுள் ஒன்று 'இக்காரி'. ஆங்கிலத்தில் போன் பிஷ் என்பார்கள். உடம்பெல்லாம் முள். முதுகு மணல் நிறம், பக்கம் வெள்ளித் தகடு. எதிரே வந்து நின்றாலும் பழகாத கண்ணுக்கு மீன் தெரியாது. மணலில் விழும் நிழல்தான் தெரியும். தலையைக் கீழே குத்தி நண்டையும் இறாலையும் தோண்டும்போது வால் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே மினுங்கும்.

இதைப் பிடிக்கத்தான் 1980-களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்காவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் பிடிக்கும் முறைக்கு 'பிளை பிஷிங்' என்று பெயர். நாம் ஆற்றங்கரையில் போடும் தூண்டிலில் ஈயக் குண்டின் கனம் நூலை இழுத்துக்கொண்டு போகும். இதில் அது கிடையாது. சின்னக் கொக்கியில் இறகும் மயிரும் பளபளக்கும் நூலும் கட்டி, இறால் குஞ்சு போலச் செய்திருப்பார்கள். அதற்குக் கனமே இல்லை. ஆகவே நூலையே தடிப்பாகக் கனமாகச் செய்து, ஒன்பது அடிக் கம்பால் முன்னும் பின்னும் வீசி, அந்த வீச்சின் வேகத்தில் இரையைக் கொண்டுபோய் மீனின் முன்னே மெதுவாக விழச் செய்வார்கள். சத்தம் கேட்டாலோ, தண்ணீரில் நிழல் ஆடினாலோ மீன் பறந்துவிடும்.

கூட நடந்து வழி காட்டுபவர் உள்ளூர்க்காரர். சிறு வயதிலிருந்தே வலையும் கையுமாகக் காயலில் வளர்ந்த கண் அவருடையது. "பதினொரு மணி, நாற்பது அடி!" என்பார். கடிகார முள் காட்டும் திசையில் வீசு என்று பொருள். ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த விருந்தாளி, அந்த ஒரு குரலை நம்பித்தான் கையை வீசுகிறார்.

கொத்தியதும் இக்காரி ஓடும் ஓட்டம் இருக்கிறதே, நூறு மீட்டர் நூலை ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு போகும். பத்து நிமிடம் போராடி அருகில் இழுத்து வந்து, கொக்கியைக் கழற்றி... மீனைத் திரும்ப விட்டுவிடுவார்கள்!

"இவர்களுக்கென்ன பைத்தியமா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. வகுப்பில் இதைச் சொன்னபோது என் மாணவன் ஒருவனும் கேட்டான்: "ஐயா, பசிக்காதவர்கள்தாம் மீனை விடுவார்களா?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்தத் தீவு மக்களுக்கு இக்காரி விளையாட்டுப் பொருள் அல்ல, சோற்றுக்குக் குழம்பு. விருந்தாளியின் சந்தோஷத்துக்காகக் காயலின் சில பகுதிகளில் வலை போடக் கூடாது என்றால், வலைக்காரர் வேறு இடம் தேடிப் போகத்தான் வேண்டும். அந்தச் சிரமத்தை நாம் மறைத்துப் பேசக் கூடாது.

தராவா சொன்ன பாடம்

ஆனால் தலைநகரான தராவாவில் நடந்ததையும் கேளுங்கள். 1970-களில் அங்குள்ள காயலில் ஏராளமாகக் கிடைத்த மீன் இக்காரி. இந்த மீன் பௌர்ணமியை ஒட்டிக் கூட்டம் கூட்டமாகக் காயலை விட்டு வெளிக்கடலுக்குப் போய் முட்டையிடும். எந்த வழியாகப் போகும், எந்த நாளில் போகும் என்பது மீன்பிடிப்போருக்குத் தெரியும். நைலான் வலை வந்தது. போகும் வழியிலேயே வளைத்துப் போட்டார்கள். தீவுக்குத் தீவு சாலை போடக் கடலை அடைத்த கரைகளும் வழியை மறித்தன. 1990-களில் ஆய்வாளர்கள் பார்த்தபோது இக்காரி வெகுவாகக் குறைந்துபோயிருந்தது. பசித்தவர்களின் சட்டியிலும் மீன் இல்லை.

கிறிஸ்மஸ் தீவில் உயிரோடு விட்ட மீன் நாளைக்கும் காயலில் இருக்கும். அதைத் தேடி வரும் விருந்தாளியால் வழிகாட்டிக்கும், படகோட்டிக்கும், சமையல்காரருக்கும் சம்பளம் உண்டு. ஆனால் விடுவதிலும் முறை இருக்கிறது. கொக்கியின் எதிர்முள்ளை முன்கூட்டியே நசுக்கிவிட வேண்டும். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். வெகுநேரம் தண்ணீருக்கு வெளியே தூக்கி வைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தால், களைத்த மீனைச் சுறா கொண்டுபோய்விடும். விட்டதும் விடாததும் ஒன்றாகிவிடும்.

கேட்பதும் கொடுப்பதும்

இனி, அம்மக்களின் சொந்தச் சொத்துக்கு வருவோம். அதற்கு 'புபுட்டி' என்று பெயர். உறவினரோ, அண்டை அயலாரோ வந்து, "உன் மண்வெட்டியைக் கொடு", "கொஞ்சம் அரிசி கொடு", "படகை ஒரு நாளைக்குக் கொடு" என்று கேட்டால், கேட்கப்பட்டவர் மறுக்கக் கூடாது. மறுப்பது பெரிய வெட்கம். கொடுத்ததற்குச் சீட்டு எழுதி வாங்குவதும் இல்லை. நாளைக்கு அவர் வீட்டில் இருப்பதைக் கேட்க உங்களுக்கும் உரிமை உண்டு.

மண் வளமில்லாத, மழை பொய்க்கிற பவளத் தீவுகளில் வங்கியோ காப்புறுதியோ இல்லாத காலத்தில் மனிதர் பிழைத்தது இப்படித்தான். இன்று என் வலையில் மீன், நாளை உன் வலையில். 2020 மார்ச் முதல் 2022 ஆகஸ்ட் வரை, கொரோனா நோய்க்குப் பயந்து கிரிபாட்டி தன் வாசலைச் சாத்தியிருந்தது. தூண்டில் விருந்தாளிகள் வர வழியில்லை. விருந்தாளியை நம்பிய சம்பளத்துக்கும் வழியில்லை. அப்படிப்பட்ட நாளில் தென்னையும், காயலும், பக்கத்து வீடும் தவிர ஒரு தீவுக்கு வேறு என்ன இருக்கிறது?

இதிலும் ஒரு முள் உண்டு, வாசகர்களே. மாதச் சம்பளம் வாங்குபவர் வீட்டுக்குக் கேட்பவர் அதிகம். சேமித்து வைத்தால் கரைந்துவிடும். சின்னதாகக் கடை வைத்தவர், கேட்டவருக்கெல்லாம் கொடுத்துக் கடையை மூடிய கதைகள் அந்நாட்டில் நிறைய. வழிகாட்டியின் பையில் விழும் டாலருக்கும் பல கைகள் காத்திருக்கும். ஆகவே அங்கே கொடுப்பவருக்கு மட்டும் ஒழுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்பவருக்கும் ஒழுக்கம் உண்டு. தேவையில்லாமல் கேட்பது, ஒருவரிடமே ஓயாமல் கேட்பது, அவருடைய ஒரே வலையைக் கேட்பது, இவையும் வெட்கந்தான்.

இப்போது அந்தக் காயலை நினைத்துப் பாருங்கள். இல்லையென்று சொல்லத் தெரியாத அண்டை வீடு அது. வலையைப் போட்டால் கொடுக்கும். மறுபடி போட்டால் மறுபடி கொடுக்கும். கடைசி மீன் வரைக்கும் கொடுத்துவிட்டுக் காலியாக நிற்கும். தராவாவில் நடந்தது அதுதான். மறுக்கத் தெரியாதவரிடம் கேட்கும்போது, அளவைக் கேட்பவர்தாம் வைத்துக்கொள்ள வேண்டும். பிடித்த மீனை விடுவதற்கும், கேட்டவருக்குக் கொடுப்பதற்கும் நடுவில் ஓடும் நூல் இதுதான் என்பது என் கருத்து.

நம் லயத்துக் கதை

நமக்கும் இது புதிதல்ல. லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரை வரை எழும்பாத காலம் உண்டு. ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். விடியற்காலை பிரட்டுக்குப் போகும் தாய், ஆயாக் கொட்டகை திறக்கும்வரை பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போவாள். மழைக்காலத்தில் பால் வெட்டில்லாமல் அடுப்பு அணைந்தால், ஒரு கொத்து அரிசி சுவருக்கு மேலாகவே வந்து சேரும். யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. புபுட்டிதான் அது.

இன்று பல தோட்டங்கள் துண்டாகிவிட்டன. அடுக்குமாடி வீடுகளுக்குப் போனோம். இரும்புக் கதவு போட்டோம். கொடுக்கும் மனம் போய்விட்டது என்று பலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோயில் திருவிழாவிலும், சாவு வீட்டிலும், கோத்தோங் ரோயோங்கிலும் கொடுக்கும் கைகளை இன்றும் பார்க்கிறோம். நம்மிடம் குறைந்துபோனது கேட்கும் துணிச்சல்தான். பக்கத்து வீட்டில் ஐம்பது வெள்ளி கேட்கக் கூச்சப்பட்டு, வட்டிக்காரரிடம் வங்கி அட்டையைக் கொடுத்துவிட்டு, சம்பளத்தையே கண்ணால் பார்க்காத குடும்பங்களை நாம் அறிவோம். பக்கத்து வீட்டுக்காரருக்கு அது தெரியவரும்போது காரியம் கைமிஞ்சிப் போயிருக்கும். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணே" என்பதோடு சரி.

கேட்பதற்கும் பழக்கம் வேண்டும். ஆபத்து வந்த அன்று முதன்முதலாகக் கதவைத் தட்ட யாருக்கும் கால் எழும்பாது. ஆகவே இன்று சாயங்காலம் அடுத்த வீட்டில் ஒரு கிண்ணம் சீனியோ, நாலு பச்சை மிளகாயோ கேளுங்கள். உங்கள் வீட்டில் இருந்தாலும் பரவாயில்லை. அளவோடு கேளுங்கள். அடுத்த வாரம் அந்த வீட்டுப் பிள்ளை ஒரு கிண்ணத்தோடு உங்கள் வாசலில் வந்து நிற்கும். அப்போது நிறைத்துக் கொடுங்கள்.