சாட்டில் 'ஓகே.' என்று வந்தால் கோபமா?

வெளிநாட்டு டீமில் இருப்பவர் 'ஓகே.' என்று மட்டும் பதில் போடுகிறார். 'சரியான திமிர் பிடிச்ச ஆளு' என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது சரியா?

புள்ளியில் என்ன இருக்கு?
அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தின் 2015 ஆய்வில், முற்றுப்புள்ளியோடு வந்த குறுஞ்செய்திப் பதில்களில் மனப்பூர்வம் குறைவு என்று மாணவர்கள் கருதினார்கள். கையால் எழுதிய குறிப்பில் அதே புள்ளி உறுத்தவில்லை.

ஸ்மைலி போட்டால்?
அதுவும் ஊருக்கு ஊர் மாறும். சீன இளைஞர்கள் பலருக்குச் சாதாரணப் புன்னகை இமோஜி என்றால் கிண்டல், எரிச்சல்.

நம் கணிப்பு எப்படி?
மின்னஞ்சலில் எழுதுவது கிண்டலா, சீரியஸா என்பது சுமார் 78% சரியாகப் புரியும் என அனுப்பியவர்கள் நம்பினார்கள். புரிந்தது 56% மட்டுமே. காசு சுண்டினாலே 50% வருமே! குரலில் சொன்னபோது 73%. இது 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வு. ஒரே நாட்டுக்காரர்களுக்குள்ளேயே இந்த நிலை என்றால், வேறு மொழி, வேறு பழக்கம் உள்ளவரிடம்?

என்ன செய்யலாம்?
சந்தேகம் வந்தால் ஒரு கால் போட்டுப் பேசிடுங்க. சொன்ன நேரத்தில் வேலையை முடிக்கிறாரா, கேட்டால் உதவுகிறாரா என்று சில வாரம் கவனியுங்கள். ஒரு புள்ளியை வைத்து ஒருவரின் அப்ரைசலில் கை வைக்காதீங்க.