சுரங்கம் தோண்டுமுன் கிணற்றை அளந்து வையுங்கள்

ஜார்க்கண்டின் தன்பாத் வட்டாரத்தில் நிலக்கரிச் சுரங்கங்களைத் தண்ணீர் பலமுறை பலிவாங்கியிருக்கிறது. 1975 டிசம்பர் 27 அன்று சாஸ்னாலாவில், மேலே கைவிடப்பட்ட சுரங்கத்தில் தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு இறங்கியதில் 370க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1995 செப்டம்பரில் கஸ்லிதாண்டில் கத்ரி ஆறு கரையை உடைத்து உள்ளே பாய்ந்தது. 64 பேர் பலி. 2001 பிப்ரவரியில் பாக்டிகியில் பக்கத்துப் பழைய சுரங்கத்தின் நீர் 29 பேரை மூழ்கடித்தது.

தொழிலாளியைத் தண்ணீர் ஒரே நாளில் அழிக்கிறது. அதே சுரங்கத்துக்கு மேலே வாழும் விவசாயிக்கு வரும் ஆபத்தோ தண்ணீர் இல்லாமல் போவது. அது மெல்ல மெல்ல நடக்கும்; அதனால்தான் நிரூபிப்பது கடினம்.

பூமிக்குள் நடப்பது என்ன?

தன்பாத் அமைந்துள்ள தாமோதர் பள்ளத்தாக்கில் மணற்கல், களிப்பாறை, நிலக்கரி என்று படுகைகள் மாறிமாறி அடுக்கப்பட்டுள்ளன. மணற்கல் தன் துளைகளிலும் வெடிப்புகளிலும் நீரைத் தேக்கும். களிப்பாறை அதைக் கீழே போகவிடாமல் தடுக்கும். கிணறுகள் ஊறுவது இந்த அமைப்பால்தான்.

கரியை வெட்டும்போது கூரையைத் தாங்கக் கரித் தூண்களை விட்டுவைப்பார்கள். கடைசியில் அந்தத் தூண்களையும் எடுத்துவிட்டால் கூரை சரியும். வெடிப்பு மேல்நோக்கிப் பரவும். களிப்பாறையும் பிளந்தால் மணற்கல்லின் நீர் சுரங்கத்துக்குள் வடியும். பாறைகள் முன்பே பிளந்து விலகியிருக்கும் இடங்களில் நீர் இன்னும் எளிதாக வழி பிடிக்கும். சுரங்கம் மூழ்காமலிருக்க அந்த நீரை இரவும் பகலும் பம்பு வைத்து வெளியேற்றுவார்கள். சுற்றுவட்டார நீர்மட்டம் இறங்கும்.

சுரங்கத்தை மூடிப் பம்பை நிறுத்தியதும் நீர் மீண்டும் ஏறும். ஆனால் பழைய நீராக வராமலும் போகலாம். கரியில் கந்தகம் கலந்த இரும்புத் தாது இருந்தால், காற்றும் நீரும் பட்டு அமிலம் உண்டாகும். வாய்க்காலில் துருப்பிடித்த செம்மஞ்சள் படிவு தெரிந்தால் அந்த நீரைச் சோதிக்காமல் குடிக்கக் கூடாது.

சட்டம் தரும் பாதுகாப்பு

நீர் தேங்கிய பழைய சுரங்கத்துக்கு 60 மீட்டர் தூரத்துக்குள் முன் அனுமதியின்றி வேலை செய்யக் கூடாது. ஆறு, ஏரி, குளங்களுக்கு அடியில் வெட்டவும் அனுமதி வேண்டும். மீறல் தெரிந்தால் தொழிலாளர்கள் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்துக்கு எழுத்தில் புகார் செய்யலாம்.

கிராமத்தாருக்கு முக்கியமான வாய்ப்பு, 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருமுன் நடக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். 30 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். அங்கே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்தெந்தக் கிணறுகளை அளந்தீர்கள்? வெளியேற்றும் நீர் எங்கே போகும்? கிணறு வற்றினால் யார், எப்படிக் குடிநீர் தருவார்? பதிலைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.

பாதிக்கப்பட்டால்

சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து 30 நாட்களுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். இழப்பீடு கோர 5 ஆண்டு அவகாசம் உண்டு. சுரங்க நிறுவனங்கள் பணம் செலுத்தும் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியில் குடிநீருக்கு முன்னுரிமை உண்டு; கிராம சபைத் தீர்மானத்தோடு கேளுங்கள். நீர்மட்டப் பதிவுகளையும் அனுமதி நிபந்தனைகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெறலாம்.

ஆனால் எந்த மன்றத்திலும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: சுரங்கம் வருமுன் உங்கள் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருந்தது? அதற்குப் பதில் உங்களிடம் இருக்க வேண்டும். மே மாதம் ஒரு முறை, நவம்பரில் ஒரு முறை, காலையில் மோட்டார் போடுமுன் கல் கட்டிய கயிற்றை விட்டு, கிணற்று விளிம்பிலிருந்து நீர்மட்டம் எத்தனை மீட்டர் என்று அளந்து பாருங்கள். தேதியோடு எழுதி, புகைப்படம் எடுங்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒருமுறையாவது நீரைச் சோதித்து அறிக்கை வாங்குங்கள். ஊர்க் கிணறுகள் அனைத்தின் கணக்கையும் கிராம சபையில் பதிந்து, நகலை மாவட்ட ஆட்சியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கிணறு வற்றிய பிறகு இந்தக் கணக்கை எடுக்க முடியாது.