சகுராவுக்கு முன்னால் ஒரு வசந்தம்

தடா அருகே ஸ்ரீசிட்டியில் இசுசு முதலான ஜப்பானிய நிறுவனங்களின் ஆலைகள் வந்த பிறகு நாயுடுபேட்டை டீக்கடைகளில் ஜப்பான் பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. அந்த ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி ஒருவரைப் பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்புகிறார்கள். அவருக்கு ஒரு மனக்குறை. "பிப்ரவரி கடைசியில போறேண்ணா, மார்ச் நடுவுல திரும்பிடணும். சகுரா பூக்கிறதுக்குள்ள வந்துடுவேன். அப்புறம் என்னத்தைப் பார்க்கிறது?" என்றார்.

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

டோக்கியோவில் சகுரா பூக்கத் தொடங்குவது சராசரியாக மார்ச் 24 வாக்கில். ஆனால் ஜப்பானியரின் பழைய கணக்கில் வசந்தம் பிப்ரவரி 4ஆம் தேதி வாக்கிலேயே பிறந்துவிடுகிறது. அன்று வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தாலும் கணக்கு கணக்குதான். அதற்கு முந்தைய நாள் செட்சுபுன். வறுத்த சோயா மொச்சையை வீசித் தீய சக்திகளை விரட்டுவார்கள். பிறகு வயசுக்கு எத்தனையோ அத்தனை மொச்சை எடுத்துத் தின்பார்கள். பிப்ரவரி முழுக்கப் பூப்பது உமே. ஆப்ரிகாட்டுக்கு நெருங்கிய உறவான சிறு மரம். குளிரிலேயே பூக்கும், நல்ல வாசனை உண்டு. பழைய காலத்தில் ஜப்பானியக் கவிஞர்கள் சகுராவைவிட அதிகம் பாடியது உமேயைத்தான். சகுரா பிற்பாடுதான் முன்னுக்கு வந்தது. மித்தோ நகரத்துக் கைராகுவென் தோட்டத்தில் மட்டும் சுமார் 3000 உமே மரங்கள் இருக்கின்றன. கியோட்டோவின் கிட்டானோ தென்மாங்கு கோயிலில் பிப்ரவரி 25 அன்று உமே விழா. கி.பி. 903இல் நாடுகடத்தப்பட்ட இடத்திலேயே இறந்துபோன சுகவாரா நோ மிச்சிசானே என்ற அறிஞரின் நினைவு நாள் அது. அவருக்கு உமே உயிர். இன்று அவர் கல்விக்கான தெய்வம். பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகள் வந்து கும்பிடுகிறார்கள்.

தம்பி போகும் தேதிக்கு இன்னும் பொருத்தமானது நாரா நகரம். அங்கே தோதாய்ஜி கோயிலில் மார்ச் 1 முதல் 14 வரை இரவுதோறும் துறவிகளுக்கு வழிகாட்டும் உதவியாளர்கள் பெரிய பெரிய தீவட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாடத்தில் ஓடுவார்கள். கீழே நிற்பவர்கள் மேல் தீப்பொறி கொட்டும். அது மேலே பட்டால் நல்லது என்று கூட்டம் காத்து நிற்கும். இந்தச் சடங்கு 752இல் தொடங்கியது, ஓர் ஆண்டுகூட விட்டுப்போனதில்லை. இது முடிந்தால்தான் குளிர் போகும் என்பது அந்தப் பக்கத்து மக்களின் நம்பிக்கை. சகுரா கிடைக்காத பயணி இந்த ஒன்றுக்காகவே போகலாம்.

நடுவில், மார்ச் 3 அன்று, பெண் குழந்தைகளுக்கான பொம்மை விழா வருகிறது. நம் நவராத்திரிக் கொலு மாதிரியே சிவப்புத் துணி விரித்த படிகளில் ராஜா ராணி பொம்மைகளை அடுக்குவார்கள். இதைப் பீச் பூ விழா என்றும் சொல்வதுண்டு. ஆனால் மார்ச் 3இல் தோட்டத்தில் பீச் பூத்திருக்காது. கடைக்கு வருவது சூடேற்றிய கொட்டகையில் முன்கூட்டிப் பூக்க வைத்த கிளைகள்.

விழாவும் பூவும் ஏன் பிரிந்துபோயின? 1873ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று ஜப்பான் தன் பழைய பஞ்சாங்கத்தை விட்டுவிட்டு ஐரோப்பிய நாட்காட்டிக்கு மாறியது. பழையதில் மாதங்கள் நிலாவை வைத்து நடந்தன. மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் என்றால் இன்றைய ஏப்ரல் வாக்கில், பீச் பூக்கும் நேரத்தில் வரும். அரசு பஞ்சாங்கத்தை மாற்றியதும் மூன்றாம் மாதம் என்ற எண்ணை அப்படியே மார்ச்சுக்குத் தூக்கி வைத்துவிட்டார்கள். விழா ஒரு மாதம் முன்னால் ஓடிவிட்டது, மரம் தன் இடத்திலேயே நின்றது. நாகானோ போன்ற குளிர்ப் பிரதேசங்களில் சில ஊர்க்காரர்கள் இதற்கு ஒப்பவில்லை. இன்றும் அவர்களுக்கு விழா ஏப்ரல் 3இல்தான். எனக்கு அவர்கள் மீது தனி மரியாதை உண்டு.

நாயுடுபேட்டையில் இருப்பவருக்கு இந்தச் சிக்கலை விளக்க வேண்டியதே இல்லை. ஒரே தெருவில் தெலுங்கு வீட்டுக்கு நிலாப் பஞ்சாங்கம், தமிழ் வீட்டுக்குச் சூரியப் பஞ்சாங்கம். உகாதி 2024இல் ஏப்ரல் 9, 2026இல் மார்ச் 19, 2027இல் ஏப்ரல் 7. நிலா மாதக் கணக்கு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அந்தக் குறையைச் சரிக்கட்ட மூன்றாண்டுக்குள் ஒரு அதிக மாதம் நுழையும், அதனால் இந்த அலைச்சல். தமிழ்ப் புத்தாண்டோ ஏப்ரல் 14ஐ ஒட்டியே நிற்கும். இரண்டு வீட்டுப் பச்சடிக்கும் வேண்டியது ஒரே வேப்பம்பூ. மார்ச் நடுவிலேயே உகாதி வந்துவிடும் வருஷத்தில் பூ வேண்டும் என்று மரம் மரமாக அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். சித்திரை முதல் நாளுக்கோ மரத்தடியில் கூட்டி அள்ளலாம்.

கசப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானிய முன்வசந்தச் சாப்பாட்டின் ருசியே கசப்புதான். பனி உருகும் மண்ணிலிருந்து முதலில் தலைநீட்டும் புக்கினோத்தோ என்ற மொட்டு நல்ல கசப்பு. மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். கடுகுக் குடும்பத்து நானோஹானாவையும் பூ விரியும் முன்பே பறித்து வேகவைப்பார்கள், அதிலும் லேசான கசப்பு உண்டு. குளிர்காலத்து மந்தத்தைக் கசப்பு எடுக்கும் என்பது அவர்கள் எண்ணம். நம் வீட்டுப் பாட்டிமார் வேப்பம்பூ ரசத்துக்குச் சொல்லும் நியாயமும் அதுதானே! இரண்டு தேசமும் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்கவில்லை. பருவம் மாறும் வேளையில் மண் எதைத் தருகிறதோ அதைத் தின்னலாம் என்று இரண்டும் தனித்தனியே கண்டுகொண்டன.

ஜப்பானிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று இருக்கிறது. அது குறித்து வைக்கும் பழக்கம்.

டோக்கியோவில் சகுரா பூத்துவிட்டது என்று யார் சொல்வது? யாசுகுனி கோயில் வளாகத்தில் அதற்கென்றே ஒரு மரம் இருக்கிறது. அதில் ஐந்தாறு பூ விரிந்ததை வானிலைத் துறை அதிகாரி கண்ணால் பார்த்தால்தான் அறிவிப்பு. பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, அது 400 டிகிரியைத் தொடும்போது பூக்கும் என்று வீட்டிலேயே கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. இந்தக் கணக்கு பொய்க்கவும் செய்யும். மொட்டு விழித்துக்கொள்ள முதலில் நல்ல குளிர் வேண்டும். குளிர்காலம் போதாமல் போனால் வெயில் வந்தும் மரம் தாமதிக்கும்.

கியோட்டோவில் இன்னும் பழைய கதை. அரண்மனைக்காரர்களும் துறவிகளும் எழுதிய நாட்குறிப்புகளைத் துழாவி, யாசுயுகி ஆவோனோ என்ற ஆய்வாளர் கி.பி. 812 வரை பின்னோக்கிப் போய், மலைச் சகுரா முழுதாய்ப் பூத்த தேதிகளைத் திரட்டினார். அந்த நீண்ட வரிசையில் 2021ஆம் ஆண்டின் மார்ச் 26தான் அதுவரை கண்டதில் மிக முந்தைய தேதி. பூமி சூடாவதற்கு இதைவிடப் பழைய சாட்சி கிடைப்பது அரிது. பூ பார்க்க விருந்துக்குப் போனவர்கள் தேதி போட்டு எழுதி வைத்ததால் கிடைத்த சாட்சி அது.

அதே ஜப்பானில்தான் வானிலைத் துறை 2020 வரை 34 தாவரங்களையும் 23 விலங்கினங்களையும் கவனித்துக் குறித்து வந்தது. குயில் போன்ற பறவைகளின் முதல் குரல், மின்மினியின் முதல் வெளிச்சம் எல்லாம் அதில் உண்டு. 2021இல் அந்தப் பட்டியல் ஆறு தாவரங்களாகச் சுருங்கியது. நகரம் பெருகியதில் பார்க்க வேண்டிய உயிர்கள் வானிலை நிலையத்துக்குப் பக்கத்தில் கண்ணில் படவில்லை என்பது சொன்ன காரணம். எனக்கு அதைப் படித்தபோது மனசு கனத்தது. பிறகு அங்கே பொதுமக்களைச் சேர்த்துக்கொண்டு அந்தக் கவனிப்பைத் தொடரும் முயற்சி நடக்கிறது.

நம் பக்கத்தில் கவனிக்க என்ன குறைச்சல்? மாசியில் சுவர்ணமுகியில் ஈரம் இன்னும் மிச்சமிருக்கும். தெற்கே தொரவாரிசத்திரம் பக்கம் நேலபட்டில் நீர்க்கடம்பு மரங்களின் மேல் கூழைக்கடாக் குஞ்சுகள் இறகு முளைத்து நிற்கும். பழவேற்காடு ஏரியில், சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையின் இருபுறமும் பூநாரைகள் மேயும். வெயில் ஏற ஏற ஏரியின் வடபகுதி வற்றும், பறவைகள் கிளம்பும். எந்த வாரம் கிளம்பின என்று நம்மில் யார் எழுதி வைத்திருக்கிறோம்?

தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: நாராவுக்கு ஒரு ராத்திரி போய் வாருங்கள், உமேயைப் பாருங்கள், கசப்பு மொட்டைத் தின்றுபாருங்கள், சகுராவை அடுத்த தடவைக்கு விட்டுவிடுங்கள். உங்களிடம் கேட்பது வேறு. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். முதல் பூ விரிந்த தேதியைத் தினசரிக் காலண்டரில் எழுதி, அந்தத் தாளை மட்டும் கிழித்துப் போடாமல் வையுங்கள். இந்தியா முழுவதும் மாணவர்களும் பொதுமக்களும் வாரந்தோறும் மரங்களைப் பார்த்துப் பதிவு செய்யும் சீசன்வாட்ச் என்ற திட்டம் இருக்கிறது, வேம்பும் மாவும் புளியும் அதன் பட்டியலில் உண்டு. பள்ளி ஆசிரியராக இருந்தால் பிள்ளைகளையும் அதில் சேருங்கள். இந்த மாசியிலேயே தொடங்கலாம்.