கடல் பச்சையானது எப்படி?

கடல் என்ன நிறம்? நீலம் என்பீர்கள். 2019 செப்டம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், பாம்பன் கரையோரத்தில் நின்றவர்களைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும். மன்னார் வளைகுடாவின் நீர் அப்போது மருதாணி அரைத்துக் கரைத்தாற்போல் பச்சையாகிவிட்டது. மீன்கள் செத்துக் கரையில் ஒதுங்கின.

மீனவர்கள் இதற்குப் பூங்கோரை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2008 அக்டோபரிலும் இதே கடலில் வந்ததுதான். விஞ்ஞானிகள் நாக்டிலூகா என்கிறார்கள். 'இரவு விளக்கு' என்று பொருள். அலையில் அலைக்கழியும்போது இருட்டில் ஒளிரும். ஒரே செல்லாலான உயிரி. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. சொந்தமாகப் பச்சை நிறமும் கிடையாது! நம் கடல்களில் பெருகும் வகையின் உடலுக்குள் நுண்ணிய பச்சைப் பாசிகள் ஏராளமாகக் குடியிருக்கின்றன. வாடகைக்குப் பதில் சோறு வாங்கிக்கொள்ளும் வீட்டுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விஷத்தைக் கக்கியா மீன்களைக் கொன்றது? சற்று யோசியுங்கள். கோடிக்கணக்கில் பெருகியவை மடிந்தால் அழுகும். அழுகச் செய்யும் பாக்டீரியாக்களும் சுவாசிக்க வேண்டுமே! வெதுவெதுப்பான கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோ லிட்டருக்குச் சுமார் 6 மில்லிகிராம்தான். சிங்கிள் தீவை ஒட்டிய பவளப் பாறைகளில் அது 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியதைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் அளந்து கண்டார்கள். போதாக்குறைக்கு, நாக்டிலூகாவின் உடலில் சேரும் அம்மோனியாவும் நீரில் கலக்கிறது.

நீந்தத் தெரிந்த மீன் ஓடித் தப்பலாம். பாறை இடுக்கே வீடாகக் கொண்ட மீன் எங்கே போகும்? பவளம் நகரவே முடியாது. விரைந்து வளரும் கிளைப் பவளங்கள் அங்கே கூட்டமாக மடிந்தன. ஏற்கெனவே சுண்ணாம்புக்காக வெட்டியெடுக்கப்பட்டும், 2010லும் 2016லும் கடல் சூடேறியதால் வெளிறியும் நைந்துபோன பவளத் திட்டுகள் இவை.

மீன்குஞ்சுகள் வளரும் தொட்டிலும் அதுதான். அலையின் வேகத்தை முறிக்கும் சுவரும் அதுதான். பெரிய விசைப்படகு தொலைவாகச் சென்று வலை போடலாம். வல்லத்தில் போகிறவருக்கும், முழங்கால் நீரில் கரைவலை இழுப்பவருக்கும் பக்கத்துக் கடலே வயல்.

பூங்கோரை இயற்கையானதே. ஆயினும் ஊர்ச் சாக்கடையும் வயலில் மிஞ்சிய உரமும் கடலில் சேரச்சேர நுண்பாசிகள் செழிக்கின்றன. அவற்றைத் தின்னும் நாக்டிலூகாவுக்கு விருந்துதான். இறந்த பவளத்தின்மீது வேறு பாசிகள் படர்ந்துவிட்டாலோ, புதிய பவளக் குஞ்சு ஒட்டிக்கொள்ள இடம் கிடைப்பதில்லை.