சுழலும் தண்டும் கசியாத நீரும்

நீர் நிறைந்த ஒரு பாத்திரத்தின் பக்கவாட்டில் துளையிட்டு, அதில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகுவதாக வைத்துக்கொள்வோம். துளையின் விளிம்பை மெழுகால் அடைத்துவிட்டால் நீர் கசியாது. ஆனால் அந்தக் கம்பி விநாடிக்கு 50 முறை சுழல வேண்டும். அப்போதும் நீர் கசியக்கூடாது என்றால்? மெழுகு தாங்காது அல்லவா? மோட்டார் காரின் நீர் பம்பு இந்த வேலையைத்தான் ஆண்டுக்கணக்கில் செய்து வருகிறது. எப்படி என்று பார்ப்போம்.

பழைய அம்பாசிடர் காரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் அடிப்படையில், மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் தயாரிக்கப்பட்ட கார் இது. 1950களின் இறுதியில் தொடங்கிய உற்பத்தி 2014இல் நின்றது. இதன் பழைய 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சினின் முன்புறத்தில் பம்பு பொருத்தப்பட்டிருக்கும். பம்பின் தண்டிலேயே விசிறியும் இருக்கும். இரண்டையும் ஃபேன் பெல்ட் சுழற்றும்.

பம்பு எதற்கு?

பெட்ரோல் எரிந்து தரும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே காரை ஓட்டப் பயன்படுகிறது. ஏறத்தாழ அதே அளவு வெப்பத்தை எஞ்சினைச் சுற்றியுள்ள நீர் எடுத்துச் செல்கிறது. மீதி, புகையோடு வெளியேறுகிறது.

1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பம்பே கிடையாது. சூடான நீரின் அடர்த்தி குறைவு. அது தானாக மேலெழுந்து ரேடியேட்டருக்குச் செல்லும். அங்கே குளிர்ந்த நீர் கீழிறங்கி எஞ்சினுக்குத் திரும்பும். நீங்கள் வகுப்பில் படித்த வெப்பச்சலனம்தான் இது. ஆனால் எஞ்சினின் திறன் கூடக்கூட இந்த மெதுவான ஓட்டம் போதவில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சின் நீருக்குத் தரும் வெப்பம் விநாடிக்கு 20 கிலோஜூல் என்க. எஞ்சினுக்குள் சென்று வரும் நீரின் வெப்பநிலை 8 டிகிரி செல்சியஸ் மட்டுமே உயரலாம் என்க. 1 கிலோ நீரை 1 டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். எனவே விநாடிக்கு 20 ÷ (4.2 × 8), அதாவது சுமார் 0.6 லிட்டர் நீர் ஓடவேண்டும். நிமிடத்துக்கு 36 லிட்டர்!

இந்த ஓட்டம் நின்றுவிட்டால்? மொத்த நீர் 8 லிட்டர் என்றும், அது 80 டிகிரியில் இருக்கிறது என்றும் கொண்டால், 100 டிகிரியை எட்ட 672 கிலோஜூல் போதும். விநாடிக்கு 20 கிலோஜூல் வீதம் அது 34 விநாடியில் சேர்ந்துவிடும். எஞ்சினின் இரும்பும் வெப்பத்தில் பங்கு கொள்வதால் உண்மையில் இன்னும் சற்று நேரமாகும். என்றாலும் அது சில நிமிடக் கதைதான். அதற்குமேல் ஓட்டினால் சிலிண்டர் தலைப்பகுதி கோணலாகிவிடலாம். பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளலாம்.

இருவகை அடைப்பு

பம்புக்குள் தண்டின் முனையில் இறக்கைகள் கொண்ட சக்கரம் ஒன்று சுழல்கிறது. இறக்கைகளுக்கிடையே உள்ள நீர் விளிம்பை நோக்கி வீசப்படுகிறது. இதனால் மையத்தில் அழுத்தம் குறைய, ரேடியேட்டரிலிருந்து புதுநீர் அங்கே வந்து சேர்கிறது.

இந்தப் பம்பில் நீர் கசியக்கூடிய இடங்கள் இரண்டு.

முதலாவது, பம்பின் உடல் எஞ்சினோடு சேரும் இடம். இங்கே எதுவும் அசைவதில்லை. மெக்கானிக்குகள் 'பேக்கிங்' என்று சொல்லும் தாள் கேஸ்கெட்டை நடுவில் வைத்து போல்ட்டுகளை முடுக்கினால் போதும். மென்மையான தாள் நசுங்கி, உலோகப் பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களை நிரப்பிவிடும்.

இரண்டாவது, சுழலும் தண்டு வெளியே வரும் இடம். இங்குதான் சிக்கல். வயல்களில் உள்ள பழைய பம்புசெட்டுகளில் தண்டைச் சுற்றிக் கொழுப்பூட்டிய கயிற்றை அடைத்திருப்பார்கள். அதை முழுவதும் இறுக்காமல், நீர் சொட்டுச் சொட்டாக விழும்படி விட்டுவைப்பார்கள். அந்தச் சொட்டு நீர்தான் உராய்வைக் குறைத்துத் தண்டைக் குளிர்விக்கிறது.

கார் பம்பில் இதே தத்துவம் மிக நுட்பமாகப் பயன்படுகிறது. வழவழப்பான ஒரு கார்பன் வளையத்தைச் சுருள்வில் ஒன்று மற்றொரு வழவழப்பான பரப்போடு அழுத்திப் பிடிக்கிறது. ஒன்று நிலையாக நிற்க, மற்றது சுழல்கிறது. இரண்டுக்கும் இடையே சுமார் ஒரு மைக்ரான் கனமே உள்ள நீர்ப்படலம் புகுந்து மசகாகிறது. நீர் கசியாமல் காக்கும் இந்த 'சீல்' உயிரோடிருப்பது அந்த நீரால்தான்! நீரில்லாமல் எஞ்சினை ஓடவிட்டால் பரப்புகள் சூடேறித் தேய்ந்துவிடும். துருவும் உப்புப் படிவும் கலந்த நீரும் அவற்றைக் கீறிவிடும். துருத்தடுப்புப் பொருள் சேர்ந்த கூலண்ட் திரவத்தை ஊற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடைக்கக்கூடாத துளை

தண்டைத் தாங்கும் பேரிங்குக்கும் சீலுக்கும் இடையே, பம்பின் அடிப்புறம் ஒரு சிறு துளை உண்டு. அது உற்பத்திக் குறையன்று; வேண்டுமென்றே விடப்பட்டது. சீல் தேய்ந்தால் கசியும் நீர் பேரிங்குக்குள் சென்று கிரீஸைக் கழுவிவிடாமல், இந்த வழியே வெளியேறும். துளையில் நீர் சொட்டினால் அல்லது துருக்கறை தெரிந்தால், "சீல் தேய்ந்துவிட்டது" என்று பொருள். கசிகிறதே என்று சிலர் இத்துளையைப் பசையால் அடைத்துவிடுகிறார்கள். சொட்டு நின்றுவிடும். ஆனால் நீர் பேரிங்குக்குள் புகும், பேரிங் துருப்பிடிக்கும், தண்டு ஆடும். கடைசியில் விசிறியே ரேடியேட்டரில் மோதி அதைக் கிழித்துவிடலாம்.

மாற்றும்போது

பம்பை மாற்றுவது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. அவர் செய்யும் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

எஞ்சின் நன்கு ஆறும் வரை அவர் காத்திருப்பார். ரேடியேட்டரின் மூடி, குக்கரைப்போல, உள்ளே அழுத்தத்தைக் கூட்டிவைக்கிறது. அரை வளிமண்டல அழுத்தம் கூடினால் நீர் ஏறக்குறைய 112 டிகிரியில்தான் கொதிக்கும். 110 டிகிரியிலுள்ள 8 கிலோ நீரின் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று குறையும். சுமார் 150 கிராம் நீர் அக்கணமே ஆவியாகும். அந்த ஆவியின் பருமன் ஏறத்தாழ 250 லிட்டர்! கொதிநீரும் ஆவியும் முகத்தில் பீறிடும். சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள்.

நீரை வடித்து, பெல்ட்டைத் தளர்த்தி, பழைய பம்பைக் கழற்றியதும், ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டை உலோகத்தில் கீறல் விழாமல் சுரண்டுவார். ஆழமான ஒரு கீறல் நீருக்கு வாய்க்கால் வெட்டியதைப்போல் ஆகிவிடும். பசை தடவுவதாயிருந்தால் மிக மெல்லியதாகத் தடவுவார். மிகுதியான பசை உள்ளே பிதுங்கி, ரேடியேட்டரின் குறுகிய குழாய்களை அடைத்துக்கொள்ளும். எதிரெதிரான போல்ட்டுகளை மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக முடுக்குவார்; அப்போதுதான் கேஸ்கெட்டின் பரப்பு முழுவதும் அழுத்தம் சமமாகப் பரவும்.

பெல்ட்டையும் அளவோடுதான் இழுத்துக் கட்டவேண்டும். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் சுமார் 12 மி.மீ. தாழவேண்டும். தளர்ந்தால் வழுக்கும், மிக இறுகினால் பேரிங்கைப் பக்கவாட்டில் இழுத்துக் கெடுக்கும்.

பல வீடுகளில் கிணற்று நீரை மேலேற்றும் மோனோபிளாக் பம்பிலும் இதே வகைச் சீல் இருக்கிறது. கிணற்றில் நீரில்லாதபோது அந்தப் பம்பை நெடுநேரம் ஓடவிடாதே என்று பெரியவர்கள் எச்சரிப்பதுண்டு. ஓடவிட்டால் முதலில் கெட்டுப்போகக்கூடிய பாகம் எது? ஏன்? விடையை இப்போது நீங்களே சொல்லிவிடலாம்.