விடிய விடிய ஆட்டம்... உடம்பு தாங்குமா?

'ஹ்யூமன் டிராஃபிக்' என்று ஓர் ஆங்கிலப் படம். 1999-ல் வந்தது. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் ஐந்து நண்பர்கள். வாரம் முழுக்க துணிக்கடை, பர்கர் கடை என்று சலிப்பு. வெள்ளிக்கிழமை ராத்திரி வந்தால் போதும்... கிளப், காதைப் பிளக்கும் 'ரேவ்' இசை, கூடவே ஒரு மாத்திரை! இயக்குநர் ஜஸ்டின் கெரிகன் உபதேசம் எதுவும் செய்யவில்லை. ஆனால், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் துவண்டு கிடப்பதையும் மறைக்கவில்லை.

அந்த மாத்திரைதான் 'எக்ஸ்டசி'. எம்.டி.எம்.ஏ. என்ற ரசாயனம்.

''ஒரே ஒரு மாத்திரைதானே, என்ன ஆகிவிடும்?'' என்கிறீர்களா?

நம் மனநிலையைச் சீராக வைக்க உதவும் செரோடோனின் என்ற பொருள் மூளையில் சேமிப்பில் இருக்கிறது. மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் அது ஏராளமாகக் கொட்டுகிறது. களைப்பே தெரியாது, எல்லோர் மேலும் பாசம் பொங்கும். ஒரே ராத்திரியில் சம்பளத்தைத் தீர்த்தவன் கதைதான் பிறகு! சில நாட்களுக்குச் சோர்வு, எரிச்சல், அழுகை.

நிஜமான ஆபத்து இரண்டு.

சூடு: மாத்திரை உடல் வெப்பத்தை ஏற்றும். நெரிசலில் ஓயாமல் ஆடினால் இன்னும் ஏறும். எல்லை மீறினால் தசை, சிறுநீரகம், கல்லீரல் எல்லாமே பாதிக்கப்படும்.

தண்ணீர்: ''சூடுதானே, நிறையத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்'' என்று நினைப்பதும் தப்பு. இந்த மாத்திரை சிறுநீர் பிரிவதைக் குறைத்துவிடும். குடித்த தண்ணீர் உள்ளேயே தங்கி, ரத்தத்தில் சோடியம் குறைந்து, மூளை வீங்கும். 1995 நவம்பரில் இங்கிலாந்தில் 18 வயதுப் பெண் ஒருத்தி இப்படித்தான் இறந்தாள். ஒன்றரை மணி நேரத்தில் அவள் குடித்தது சுமார் 7 லிட்டர்!

போதாததற்கு, விற்கிற மாத்திரைக்குள் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

தலைவலி, வாந்தி, குழப்பம், அனலாய்க் கொதிக்கும் உடம்பு, வலிப்பு... இதில் எது வந்தாலும் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோங்கள். உடம்பு கொதித்தால் ஈரத்துணியால் துடையுங்கள். நினைவு இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். என்ன சாப்பிட்டார் என்பதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இதையெல்லாம் நண்பர்கள் செய்யாமல் தயங்குவது எதற்கு? ''வீட்டுக்குத் தெரிந்தால் தொலைந்தோம்!'' என்ற பயத்தால்தான். அதனால் பெற்றோர்களே, ''எந்த நிலைமையிலும் முதலில் எனக்கு போன் பண்ணு. திட்டுவது அப்புறம்'' என்று இன்றைக்கே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். உயிர் காக்கும் வார்த்தை அது!