கடல் மீன் தொட்டியில் தண்ணீர் மாறுவது ஏன்?

அந்தமான் பெரார்கஞ்ச் பகுதியினருக்குக் கடல் தொலைவில் இல்லை. ஆனால் வீட்டுத் தொட்டியில் தேக்கிய கடல்நீரின் குணம் நேரத்துக்கு நேரம் மாறும்.

கடல்நீரின் 'பி.எச்.' அளவு சுமார் 8.1. தொட்டியில் 7.8 முதல் 8.4 வரை இருக்கலாம். காலையில் குறைந்து, மாலையில் கூடினால் பயம் வேண்டாம். பகலில் பாசிகள் கரியமில வாயுவை இழுக்கின்றன, அளவு ஏறுகிறது. இரவில் எல்லா உயிர்களும் அதை வெளிவிடுகின்றன, அளவு இறங்குகிறது. ஆகவே தினமும் ஒரே நேரத்தில் அளக்கவேண்டும்.

எப்போதும் குறைவா?

ஒரு குவளைத் தொட்டி நீரை வீட்டுக்கு வெளியே வைத்து, ஏர் பம்ப் மூலம் ஒரு மணி நேரம் காற்றடித்து மீண்டும் அளக்கவேண்டும். அளவு ஏறினால், குற்றம் அறைக்காற்றில். மழைக்காக மூடிய சன்னல்களைத் திறந்தாலே நிலைமை சீராகும். ஏறாவிட்டால் காரத்தன்மையைச் சோதிக்கவேண்டும். அது குறைந்திருந்தால் நீரில் ஒரு பகுதியை மாற்றலாம். அளவை ஏற்றும் மருந்தை ஒரேயடியாகக் கொட்டினால் மீன் செத்துவிடும்.

பவளம் எடுத்தால் சிறை

தொட்டி அழகுக்காகப் பவளம் எடுத்துவரக் கூடாது. செத்த துண்டானாலும் குற்றமே. 2001 முதல் அது வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பவளம் பார்க்க விரும்புவோர் வண்டூர் போகலாம். 1983-ல் அமைந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா அங்கே இருக்கிறது.